கார்டிங் பிரிவிலிருந்து கிளம்பிய சத்தம்

சரசக்கா நீலசந்திராவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய செய்தி இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் போட்டு ஒட்டிய பழைய தமிழ்ப் பேப்பர். ஐடி கம்பெனியில் தரை துடைக்கிற வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“உள்ள வாக்கா.”

“உக்கார வரல. இது நீ எழுதினதா, இல்ல உன் பேப்பர்ல வேற சுனில் இருக்கானா?”

“நான்தான்.”

“அப்ப நீயே படி. எனக்கு எழுத்து ஸ்வல்பம்தான் வரும்.”

அவளுக்கு அது மனப்பாடம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் படித்தேன். “மில் வேலைநிறுத்தம் கார்டிங் பிரிவிலிருந்து கிளம்பியது.”

“ஆயிதா, முடிஞ்சுதா? அஞ்சு வார்த்தை. எங்க வீட்டு ஆம்பளைக்கு ஒரு ஆளுக்கு அஞ்சு வார்த்தை செலவு பண்ணியிருக்க.”

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சரசக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

மில் இடத்தை விற்றாகிவிட்டது, அடுக்குமாடி வருகிறது. பின்னாலிருந்த லைன் வீடுகளை மட்டும் தொழிலாளிகள் பேருக்கே எழுதிக் கொடுப்பதாக ஒப்பந்தம். நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது பேர் இருந்தது. முப்பத்தொன்றாம் நம்பருக்கு நேரே கோடு. முனிகிருஷ்ணன், சரசக்காவின் புருஷன், வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தவன் என்று 1993இல் டிஸ்மிஸ் ஆனவர். அவர் குடும்பத்துக்கு வீடு கிடையாது.

“வக்கீல் பைலைப் பாத்துட்டாரு. சாட்சி ஒருத்தனும் இல்லையாம். மேஸ்திரி சொல்லல, சூப்பர்வைசர் சொல்லல. உன் பேப்பர் மட்டும்தான் இருக்குது, இங்கிலீஷ்ல மாத்தி, சீல் வெச்சு. வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசுல விசாரணை. நீ வந்து சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“யாரு உனக்குச் சொன்னான்னு.”

அவள் போன பிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

என் அப்பா வெங்கடசாமி அந்த மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் பிட்டர். முனிகிருஷ்ணன் அண்ணன் கார்டிங்கில், பஞ்சைச் சீவுகிற மிஷின்களில். ஸ்பின்னிங் கிழக்கு ஓரம், கார்டிங் மேற்கு ஓரம். லைனில் எங்கள் வீடு பதினாலு. எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ் வரிசை. கார்டிங்காரர்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். புருவத்தில், காது மடலில், மூக்கு மயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். முனிகிருஷ்ணன் அண்ணன் இருமினால் பாதி லைன் எழுந்து உட்காரும்.

“என்ன முனி, உன் நெஞ்சுல இருக்கறத எடுத்து ஒரு தலகாணி தைக்கலாமா?” என்று அப்பா கேட்பார்.

“இலவம்பஞ்சு, மேஸ்திரி. உன் சம்பளத்துக்குக் கட்டாது.”

அந்த மில்லில் வேலையை நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. தட்டு என்று அதற்குப் பேர். எல்லா ஷெட்டுக்குள்ளும் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும்; நூல் அறாமல் இருக்க ஈரம் வேண்டும், அதற்காக. யாரோ ஒருவர் ஸ்பேனரால் அந்தக் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். மிஷின் இரைச்சலில் காதுக்குக் கேட்காது. கையை வைத்தால் அதிரும். அதிர்ந்ததும் அடுத்த பிரிவு தட்டும், பிறகு அதற்கடுத்தது. ஒரு பீடி பற்ற வைக்கும் நேரத்துக்குள் மில் முழுக்க இரும்புச் சத்தமாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு மிஷினாக நிற்கும். சூப்பர்வைசர் ஒரு ஷெட்டுக்கு ஓடினால் சத்தம் இன்னொரு ஷெட்டில் இருக்கும். லைன் குழாயும் அதே குழாயின் கடைசி முனைதான். குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு மானேஜருக்கு முன்னால் சேதி தெரிந்துவிடும்.

யார் முதலில் தட்டியது என்று கேட்கக் கூடாது. பெண்டாட்டி கேட்கக் கூடாது, சங்கம் கேட்கக் கூடாது. ஒரு காலத்தில் முதலில் கையைத் தூக்கியவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, முதல் ஆள் என்று ஒருவன் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

நான் மில்லுக்குப் போகவில்லை. படித்து, பிரேசர் டவுனில் ஒரு மாடியில் நடந்த தமிழ் நாளிதழில் சேர்ந்தேன். பொருளாதாரமும் அரசியலும் என் பக்கம். ஆசிரியர் சேஷகிரி சாருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தச் செய்தியானாலும் முதல் வரியில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

“நெருக்கடி ஏற்பட்டதுன்னு எழுதியிருக்கியேப்பா. ஏற்பட்டதுன்னா? சளி புடிக்கற மாதிரியா? கிளம்பியது, முளைத்தது, பிறந்தது, இதுல ஒண்ணைப் போடு. போட்டா எங்கேருந்துன்னு நீ சொல்லியாகணும் பாரு. வாசகனுக்குக் கைய நீட்டிக் காட்டணும்.”

எனக்கு அது சீக்கிரமே கைவந்தது. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அப்படி எழுதுவதற்குப் பஞ்சமே இல்லை. ரூபாய் விழுந்தது இங்கிருந்து கிளம்பியது, கட்சி உடைந்தது அங்கிருந்து முளைத்தது, வெங்காய விலை இன்ன மார்க்கெட்டில் பிறந்தது. பாதி விசாரித்தது, பாதி ஊகம். விலைவாசி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டி, நான் அங்கிருந்து வரவில்லை என்று சொல்லப் போகிறதா?

1993 ஜூலையில் நிர்வாகம் ஆளுக்கு நாலு மிஷின் என்பதை எட்டாக்கியது. புதுக் கொள்கை, போட்டி, லாபம் என்று நோட்டீஸ். மூன்றாம் நாள் மதியம் நான் லைன் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். விரலுக்கடியில் குழாய் அதிர்ந்தது. டக்டக், கொஞ்சம் இடைவெளி, டக். எல்லோரும் மூன்றையும் ஒரே சீராகத் தட்டுவார்கள். இரண்டைச் சேர்த்துப் போட்டு மூன்றாவதைத் தாமதிக்கிற கை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டில் காலுக்கு ஆப்பு அடிக்கிற கை. அப்பாவின் கை.

ஆபீசுக்கு ஓடினேன். எங்கள் மில், எங்கள் லைன், வேறு பேப்பருக்கு முந்திக் கிடைத்த செய்தி. ‘வேலைநிறுத்தம் ஏற்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். சேஷகிரி சார் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிப் போட்டார்.

“எந்தப் பிரிவு?”

“தெரியாது சார். தெரியவும் கூடாது. அங்க வழக்கம் அப்படி.”

“அங்க வழக்கம் அவங்களுக்கு. இங்க வழக்கம் எனக்கு. அந்த லைன்லயே பொறந்தவன் நீ, உனக்குத் தெரியலேன்னா என்னப்பா ரிப்போர்ட்டர்? கால் மணி நேரம் இருக்கு.”

கால் மணி நேரம் யோசித்ததாக ஞாபகம் இல்லை. அப்பாவின் ஷெட்டிலிருந்து எது ரொம்பத் தூரமோ அதை எழுதினேன். கார்டிங். ஒரு ஷிப்டுக்கு நாற்பது பேர். நாற்பது பேரை ஒரே நாளில் என்ன செய்துவிட முடியும் என்று ஒரு தைரியம்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அன்று காலையே கார்டிங்கில் மோட்டார் எரிந்து ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கூட்டிப் பெருக்க முனிகிருஷ்ணன் அண்ணன் ஒருத்தரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பதினோரு நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. விசாரணையில் அவரை நிற்க வைத்து, “உங்க ஜனங்க பேப்பரே சொல்லுது, கார்டிங்லேருந்துதான்னு. கார்டிங்ல நீ ஒருத்தன்தான் இருந்த” என்றார்களாம். முனிகிருஷ்ணன் அண்ணன் எனக்குத் தெரியாது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்மிஸ். கோர்ட்டில் கேஸ் இழுத்ததால் வீட்டை மட்டும் காலி செய்ய வைக்கவில்லை.

மூன்று வருடம் கட்டட வேலைக்குப் போனார். 1996இல் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். விபத்து கயிறு அறுந்ததிலிருந்து தொடங்கியது என்று எழுதினேன். சேஷகிரி சார் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் பஞ்சு வர ஆரம்பித்தது.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இலவ மரம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் காய் வெடித்துப் பஞ்சு பறந்து உள்ளே வரும். எல்லார் மேஜையிலும் விழும். என் மேஜையில் விழுவது அந்த வரி எழுதும்போது மட்டும்தான் என்று எனக்குப் பட்டது. பற்றாக்குறை இன்னதிலிருந்து பிறந்தது என்று எழுதிப் புள்ளி வைப்பேன். புள்ளியின் மேல் ஒரு இழை வந்து உட்காரும். ஊதினால் பறக்காது, ஈரமாக இருப்பதுபோல ஒட்டிக்கொள்ளும். மழைக் காலத்திலும் வந்தது. மழைக் காலத்தில் இலவங்காய் வெடிக்காது என்பது எனக்குத் தெரியும். கல்யாணமானதும் லைனை விட்டு நீலசந்திராவுக்கு வந்தேன். அங்கே குளியலறைக் குழாய் சில நாள் தட்டும். காற்று அடைத்திருக்கும் என்றார் பிளம்பர். இருக்கலாம். மூன்று தட்டும் ஒரே சீராக இருந்தால் படுத்துத் தூங்கிவிடுவேன். கடைசித் தட்டு தாமதித்த நாளில் விடியும் வரை உட்கார்ந்திருப்பேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் லைனுக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மில் அவர் காதைத் தின்றுவிட்டது. கத்தினால்தான் கேட்கும், அவரும் கத்தித்தான் பேசுவார். நாற்பது வீட்டுக்கும் கேட்கக் கூடிய விஷயமா இது? முப்பத்தொன்றாம் நம்பர் கதவு வேறு திறந்திருந்தது. பையிலிருந்து பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினேன். ‘93இல் முதலில் தட்டியது நீங்கள். எனக்குத் தெரியும். நாளைக்கு ஆபீசில் என்னைக் கேட்பார்கள்.’

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, “நான் முதல்லன்னு உனக்கு எவன்டா சொன்னது?” என்றார்.

நான் கையைக் காட்டி அடக்கினேன். அடங்கவில்லை.

“குழாய்ல கை வெச்சேன். அது முன்னாடியே அதிர்ந்துட்டிருந்தது. அதுக்கப்பறம்தான் தட்டினேன். உங்கம்மா மேல ஆணை.”

‘எங்கிருந்து?’ என்று எழுதினேன்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முறுக்கைத் தட்டில் போட்டார். “இந்த லைன்ல பொறந்துட்டு இதைக் கேக்கற. பேப்பர்காரன் புத்தி.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “மேக்காலதான் அதிர்ந்தது. கார்டிங் பக்கம். அதை நான் ஒருத்தன் கிட்டயும் சொன்னதில்ல. முனி செத்ததுக்கு அப்பறமும் சொல்லல. நீதான் முன்னாடியே அச்சுல போட்டுட்டியே, நான் வேற எதுக்குச் சொல்றது?”

நான் பொய் என்று நினைத்து எழுதியது நிஜமாக இருந்தால்? நாளைக்கு நான் போய்ப் பொய் எழுதினேன் என்று சொன்னால் அது எதில் சேரும்?

‘நான் உங்கள் பேரைச் சொன்னால் லிஸ்டிலிருந்து இந்த வீட்டையும் அடித்துவிடுவார்கள்’ என்று எழுதினேன்.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி, மடித்து, டீயில் போட்டார். “நீ என்ன சொல்லணுமோ சொல்லிட்டுப் போ. என்கிட்ட எழுதி வாங்காத.”

காலையில் சரசக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சிவாஜி நகர் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“உங்கப்பா நேத்து நல்லாத்தான் கத்தினாரு.”

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க வீட்டு ஆளு சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணு சொல்லுச்சு. பெருக்கிட்டிருந்தப்ப தொடப்பம் குழாய் மேல சாஞ்சிருந்ததாம். தொடப்பம் தானா நடுங்கிச்சாம். ஸ்பின்னிங் பக்கம்னு சொல்லுச்சு. அப்பறம் நாக்கைக் கடிச்சுக்கிச்சு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “உங்கப்பாவும் பொய் சொல்ற ஆளில்ல. எங்க வீட்டு ஆளும் பொய் சொல்றதில்ல. அப்ப யாரு தட்டினதுடா?”

கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

“அதை விடு. நான் யாரையும் கை காட்ட வரல. உங்கப்பன் வீட்டைப் புடுங்கி எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. எனக்கு என் வீடு வேணும், அவ்வளவுதான்.”

லேபர் ஆபீசில் விசாரித்த அதிகாரி பாகீரதி. கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். நிர்வாகத்து வக்கீல் ஒருவர், எங்கள் வக்கீல் ஒருவர், டைப் அடிக்க ஒருவர். மின்விசிறி பழசு.

“இந்த நியூஸ் எழுதினது நீங்கதானா?”

“ஆமாம் மேடம்.”

“யார் சொல்லி எழுதினீங்க?”

“யாரும் சொல்லல. நானா எழுதினேன்.”

நிர்வாகத்து வக்கீல் சிரித்தார். “பேப்பர்ல சும்னே எழுதுவாங்களா மேடம்? இப்ப பாவம் பாத்துப் பேசறாரு.”

“முதல் வரிக்கு ஒரு இடம் வேணும். எங்க வேலை அப்படி. எந்த இடமும் எனக்குத் தெரியல. ஒண்ணைப் போட்டேன்.”

“கார்டிங் ஏன்? மில்லுல எட்டு பிரிவு இருக்குது,” என்றார் பாகீரதி.

டைப் அடிப்பவரின் விரல்கள் காத்துக்கொண்டிருந்தன. சரசக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறியின் ஒரு இறக்கையில் தூசி திரண்டு தொங்கியது, சுற்றும்போது வெள்ளையாகத் தெரிந்தது.

“தூரமா இருந்தது மேடம்.”

“எதுலேருந்து தூரம்?”

“எனக்குத் தூரமா இருந்தது.”

அவர் என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். பைலில் என் அப்பா பேரும் பிரிவும் இருந்தன. என் பேருக்கு முன்னால் இருக்கிற எழுத்தும் வெ தான். அவர் பைலைப் புரட்டவில்லை.

“அப்ப நிஜமா எங்கேருந்து ஆரம்பிச்சது?”

“தெரியாது மேடம். முனிகிருஷ்ணன் வேலை போனது எங்கேருந்து ஆரம்பிச்சதுன்னு கேட்டா சொல்றேன். அது நான் எழுதினதுலேருந்து.”

அப்படியே டைப் அடிக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் சரசக்கா நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. “இதை அப்ப சொல்லியிருந்தா அந்த ஆளு சாரத்துல ஏறியிருக்காது,” என்றாள். பஸ் ஸ்டாப்பில் என்னிடமிருந்து தள்ளி நின்றாள்.

திங்கட்கிழமை சேஷகிரி சார் கூப்பிட்டார். சேதி அவருக்குப் போயிருந்தது.

“கற்பனையா எழுதினேன்னு கவர்ன்மெண்ட் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்க. இனிமே நீ எழுதற எந்த வரிய நான் நம்பறது?”

“இதுக்கு முன்னாடி நம்பினீங்களா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை வரன் விளம்பரமும் இரங்கல் விளம்பரமும் பார்க்க அனுப்பினார். அந்தப் பகுதிக்கு ஜன்னல் கிடையாது. அங்கே ஒருவர் இறந்தார் என்று எழுதினால் போதும். எதிலிருந்து என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புது லிஸ்ட் ஒட்டினார்கள். முப்பத்தொன்றுக்கு நேரே இருந்த கோட்டை வெள்ளை மையால் அழித்து, மேலே பேனாவில் எழுதியிருந்தது: சரசு, கணவர் பெயர் முனிகிருஷ்ணன். நான் அதன் நகலை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். அவளிடமும் ஒன்று இருந்தது. வாசலில் நிற்க வைத்தே வாங்கிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பழைய இரும்புக்காரர்கள் மில்லைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிஷின்கள் எல்லாம் லாரியில் போய்விட்டன. கடைசியாகக் குழாயைக் கழற்றுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். தண்ணீரை நிறுத்தி ஒரு வாரமாகிவிட்டது. லைனுக்கு லாரித் தண்ணீர்.

பகல் மூன்று மணி இருக்கும். வறண்டு கிடந்த லைன் குழாய் தட்டியது. ஒரே சீராக மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று.

பதினாலாம் நம்பரில் அப்பா எழுந்து வந்தார். அவருக்குக் காது கேட்காது. வாசல் சிமெண்டில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவர், எழுந்து, நேராகக் குழாயடிக்கு வந்து அதன் கழுத்தில் கையை வைத்தார். மற்ற கதவுகளும் திறந்தன. அடுப்பில் வேலையாக இருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. நாற்பது வீட்டிலும் ஆள் வாசலில் நின்றது.

சரசக்கா என்னைத் தாண்டி நடந்து போய் அப்பாவின் எதிரே நின்றாள். அவர் கைக்குக் கீழே, அதே குழாயில், தன் கையை வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

உள்ளே இரும்புக்காரன்தான் சுத்தியலால் அடிக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஷெட்டில் அடிக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டக்டக் என்றது. நான் மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.